மலைமேல் ஒரு சம்பந்தம்

லுமாசாக், ஏரிக்கரை
2015 ஜனவரி 12

அன்புத் தம்பி லொமினோக்குக்கு,

அக்கா ரொகாயாவின் ஸலாம். மணிலாப் புகையில் உன் இளைப்பு எப்படி இருக்கிறது? வெந்நீர் குடிக்கிறாயா? இங்கே நானும் மகள் பொலவானும் இறைவன் காவலில் சுகம்.

குன்றின் மேலிருந்த தொலைபேசிக் கோபுரத்தைப் போன வாரம் வெடி வைத்துச் சாய்த்துவிட்டார்கள். இனிமேல் கடிதம்தான். தர்ஹதா சின்னம்மா துணி எடுக்கக் கப்பலேறி வரும்போது அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் மனம் விட்டு எழுதலாம்.

மபாந்தி போய் ஏழு மாதம் ஆகிறது. என் பிள்ளையைச் சுட்ட கோசைன் தினமும் என் கடை முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறான். நேற்று வண்டியில் உட்கார்ந்தபடியே, "பாலாபா இன்னிக்குக் காரம் கம்மியா இருக்கே, கை வலிக்குதா?" என்று கேட்டான். நான் இஞ்சியும் மிளகாயும் இடித்துக்கொண்டே இருந்தேன். ரிதோ என்கிற இந்தக் குடும்பப் பகையில் பெண்ணைச் சுட மாட்டார்கள். பெண்ணுக்குப் பயப்படவும் மாட்டார்கள்.

தேர்தல் வரிசையில் யார் முன்னால் நிற்பது என்று தொடங்கிய தகராறு. மூன்று வருடத்தில் கோசைனின் சாதைன் குடும்பத்தில் மூன்று பேர், நம் குடும்பத்தில் நான்கு பேர். கடைசியாக விழுந்தவன் என் மகன். நாம் இன்னும் பதில் சொல்லவில்லை. மலையில் நம் பங்காளிகள் முப்பது பேர் இருந்து என்ன? துப்பாக்கி துருப்பிடித்தது, துணிச்சல் அதற்கு முன்பே துருப்பிடித்தது.

நீ வந்துவிடாதே. நம் வீட்டில் மிஞ்சிய ஆண் நீ ஒருவன்தான். பஸ்ஸை விட்டு இறங்குமுன் முடித்துவிடுவார்கள். மலைமேல் புதிதாகச் சிலர் வந்திருக்கிறார்கள். தலைவரை உஸ்தாத் என்கிறார்கள். நாற்பது பேர் இருக்கும், நல்ல ஆயுதம். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா,
ரொகாயா


கியாப்போ, மணிலா
2015 பிப்ரவரி 9

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஸலாம். இளைப்பு பரவாயில்லை. உன் முழங்கால் வலிக்கு ஒரு தைலம் சின்னம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். பொலவானைச் சூடு பறக்கத் தேய்க்கச் சொல்.

நான் முத்துக் கடையில் கணக்கெழுதுகிறேன். இருபத்தாறு வருடம் கரும்பலகை முன்னால் நின்றவனுக்கு உட்காரும் வேலை பழகவில்லை. கடைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் அவர்கள் கையைத்தான் பார்க்கிறேன்.

மபாந்தியை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அவன் என் வகுப்பில் மூன்று வருடம் உட்கார்ந்தவன். ஆனால் மலைமேல் வந்தவர்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு தடவை இரண்டு பெண்கள் பெஞ்சுக்குச் சண்டை போட்டார்கள். அதில் ஒருத்தி மேல்வகுப்பு முரடன் ஒருவனைத் துணைக்குக் கூப்பிட்டாள். அவன் வந்தான், மற்றவளை விரட்டினான், பிறகு அந்தப் பெஞ்சில் அவனே உட்கார்ந்துகொண்டான். வருடம் முழுக்க இரண்டு பெண்களும் தரையில்.

பொலவான் நர்ஸிங் தேர்வுக்கு விண்ணப்பித்தாளா? அவளை இங்கே அனுப்பிவிடு. என் வீட்டுக்காரி அவளுக்கு ஒரு மூலை ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

தம்பி,
லொமினோக்


லுமாசாக்
2015 ஏப்ரல் 20

தம்பிக்கு,

ஸலாம். தைலம் நன்றாகக் கேட்கிறது. உன் வீட்டுக்காரிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

பெஞ்சுக் கதை படித்தேன், வாத்தியாரே. என் பிள்ளை பெஞ்சுக்காகச் சாகவில்லை.

உஸ்தாத் நம் வீட்டுக்கு வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். வெளிநாட்டில் மார்க்கம் படித்தவர், தாழ்ந்த குரல். வாசலிலேயே செருப்பைக் கழற்றி, துப்பாக்கியையும் வெளியே வைத்துவிட்டு வந்தார். நான் வைத்த வாழையிலைச் சோற்றை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். மபாந்தியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "அம்மா, உங்க மகனுக்கு இந்த ஊர்ல யாராவது பதில் சொன்னாங்களா?"

ஏழு மாதம், எட்டு மாதம், பத்து மாதம். நம் பங்காளிகளில் ஒருவன் கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, தம்பி. அவர் கேட்டார்.

அவருக்கு நம் கணவாய்ப் பாதை வேண்டும். நம் ஆட்கள் முப்பது பேர் வேண்டும். தருகிறேன் என்றேன். இன்னும் ஒன்று பேசியிருக்கிறோம். அது முடிந்த பிறகு எழுதுகிறேன்.

பொலவான் சுகம்.

ரொகாயா


கியாப்போ
2015 மே 18

அக்காவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். சின்னவனுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது.

உஸ்தாதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், பொலவானைப் பற்றி ஒரே சொல். தேர்வைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லை. இன்னும் ஒன்று பேசியிருக்கிறோம் என்கிறாயே, அது என்ன?

இந்தக் கடிதத்தோடு பொலவானுக்குத் தனியாக ஒன்று வைத்திருக்கிறேன். தேர்வுப் படிவமும் கப்பல் சீட்டும் அதில் இருக்கின்றன. அவள் கையில் கொடு.

லொமினோக்


லுமாசாக்
2015 ஜூலை 29

என் தம்பிக்கு,

ஸலாம். பெருநாள் நல்லபடி கழிந்தது. உங்கள் வீட்டிலும் அப்படியே கழிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பொலவானுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை உஸ்தாத். மஞ்சள் குடை பிடித்து, வெண்கல மணிகள் முழங்க, மலைப்பாதை நெடுக நம் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவன் தோளிலும் புதுத் துப்பாக்கி. கோசைன் அன்று கடைத்தெருப் பக்கம் வரவில்லை. அவன் வண்டிச் சத்தம் கேட்காத முதல் நாள் அதுதான்.

நம் முறை உனக்குத் தெரியும். பெண் கொடுத்தால் என் ரத்தம் அவர் ரத்தம். என் பகை அவர் பகை. இனி மபாந்தி உஸ்தாதின் மைத்துனன். மைத்துனனைக் கொன்றவனை மாப்பிள்ளை உயிரோடு விட்டுவைத்ததாக நம் ஏரிக்கரையில் யாராவது சொல்லக் கேட்டிருக்கிறாயா? "மழை ஓயட்டும், அம்மா" என்றார். நான் கோசைனின் சவத்தை இந்தத் தெரு வழியாகக் கொண்டுபோவதைக் கடையில் உட்கார்ந்தபடி பார்க்க வேண்டும். அவன் அம்மா நடந்து வரும்போது, "காரம் போதுமா?" என்று கேட்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு ஆசை.

பொலவானுக்கு மருதாணி வைத்தபோது, "மாமாகிட்டேர்ந்து ஏதாவது வந்துதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உன் உறை அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. கோபிக்காதே.

அக்கா


கியாப்போ
2015 ஆகஸ்ட் 24

அக்கா,

ஸலாம். என்னால் வேறு நலம் விசாரிக்க முடியவில்லை.

இங்கே ஏரியைச் சுற்றியுள்ள எல்லா ஊர்க்காரர்களும் தொழுகைக்கு வருகிறார்கள். கேட்டுப் பார்த்தேன். கிழக்குக் கரையில் ஒரு வீடு. இரண்டு பிள்ளைகளை ரிதோவில் இழந்தது. உஸ்தாதின் தம்பி அங்கே பெண் எடுத்திருக்கிறான். பயாபாவ் பக்கம் இன்னொரு வீடு, தகப்பனை இழந்தது. அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் அங்கே மாப்பிள்ளை. பதில் சொல்லாத சவம் இருக்கிற வீடாகப் பார்த்துப் பார்த்து அவர்கள் செருப்பைக் கழற்றுகிறார்கள், அக்கா. நாற்பது பேராக வந்தவர்கள் இன்று நானூறு பேர். கடல் தாண்டி இருக்கிற பெரிய கூட்டத்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்து கறுப்புக் கொடியும் வாங்கிவிட்டார்கள்.

வகுப்பில் நான் சொல்லும் சின்ன உதாரணம்தான். ஒருவனுக்கு நான்கு மனைவி வரை ஆகுமென்றால், ஒரு மாமியாருக்கு அவனில் எத்தனை பங்கு? நீ அவருக்குப் பெண் கொடுத்தபோது மற்ற மூன்று பங்கு யாருக்கென்று கேட்டாயா?

லொமினோக்


லுமாசாக்
2015 நவம்பர் 30

தம்பி,

ஸலாம். நான்கு மாதம் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

உஸ்தாத் இரண்டாவது பெண் எடுத்திருக்கிறார். கோசைனின் தங்கை.

சாதைன் குடும்பத்திடம் ஏரித்துறையும் படகுகளும் இருக்கின்றன. நம்மிடம் கணவாய். அவருக்கு இரண்டும் வேண்டியிருந்தன. நம் வீட்டு முற்றத்திலேயே இரண்டு குடும்பத்தையும் எதிரெதிரே உட்காரவைத்து, "இனிமே நீங்க ரெண்டு பேரும் என் வழியா ஒரே ரத்தம். இங்க யாராவது பழைய கணக்கைத் தொறந்தா, அது என்மேல துப்பாக்கி தூக்கின மாதிரி" என்றார். அதே தாழ்ந்த குரல்.

பிறகு சாப்பாடு. நான் பரிமாறினேன். கோசைன் தட்டை நீட்டி, "பெரியம்மா, இன்னும் கொஞ்சம் பாலாபா வைங்க. இன்னிக்குக் காரம் சரியா இருக்கு" என்றான். பெரியம்மா. அவன் தங்கையும் என் மகளும் ஒருவனுக்கு மனைவி என்பதால் நான் அவனுக்குப் பெரியம்மா. வைத்தேன். நம் பங்காளிகள் சிரித்தார்கள்.

எந்த முறையை நம்பி மகளைக் கொடுத்தேனோ அதே முறை என் கையைக் கட்டிவிட்டது. கோசைனை எனக்கு முன்பு போலவே வேண்டும். ஆனால் இப்போது என் கணக்கில் அவன் இரண்டாவது ஆள்.

பொலவான் மூன்று மாத கர்ப்பம். அந்த வீட்டில் சமையல் அவள்தான்.

ரொகாயா


கியாப்போ
2016 ஜனவரி 11

அக்காவுக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னேனே என்று சொல்வதற்காக எழுதவில்லை.

பொலவானை வெளியே கொண்டுவருவதுதான் இப்போது வேலை. பெண்களை எந்தச் சோதனைச் சாவடியிலும் நிறுத்துவதில்லை. பிரசவ மாதம் நெருங்கியதும் டாக்டர் வரச் சொன்னதாகச் சொல்லி, சின்னம்மாவோடு இலிகானுக்கு அனுப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன். நீயும் வந்துவிடு. மற்றதை விடு, அக்கா.

லொமினோக்


லுமாசாக்
2016 ஏப்ரல் 18

அருமைத் தம்பிக்கு,

ஸலாம். உன் வீட்டில் எல்லோரும் சுகம் என்று சின்னம்மா சொன்னாள், மனம் குளிர்ந்தது. இலிகான் யோசனை நல்லது. அப்படியே செய்கிறேன்.

உன்னிடம் படித்த எலிசேயோ ராணுவத்தில் அதிகாரியாகிவிட்டான் என்று ஒரு தடவை சொன்னாயே, அவன் இன்னும் உன்னோடு பேசுகிறானா?

மே மாதம் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து சாதைன் வயல்வீட்டில் விருந்து. நோன்புக்கு முந்திய கந்தூரி. உஸ்தாத், அவர் தளபதிகள், கோசைன், அவன் அண்ணன்மார், எல்லோரும் ஒரே கூரையின் கீழ். துப்பாக்கியை வாசலில் வைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். வயல்வீடு தனியாக நிற்பது, பக்கத்தில் குடியில்லை.

உன் கேள்வி எனக்குத் தெரியும். பெண்களும் குழந்தைகளும் முற்பகலிலேயே சாப்பிட்டு ஏரிக்கரை வீட்டுக்கு இறங்கிவிடுவார்கள். ஆண்கள் உட்காருவது இரண்டு மணிக்கு. பொலவான் அதற்கு முந்தைய நாளே இலிகானில் இருப்பாள்.

மபாந்தியை நீதான் கையில் ஏந்தி வந்தாய். அவன் தலை உன் சட்டையில் எந்த இடத்தில் கிடந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. செய்வதும் செய்யாததும் உன் இஷ்டம். படித்ததும் கிழித்துவிடு.

அக்கா ரொகாயா


கியாப்போ
2016 மே 9

அக்கா,

ஸலாம். சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் யோசித்தேன். ஆயிரம் பிள்ளைகளுக்குக் கோபத்தை அடக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனாலும் தொலைபேசியை எடுத்தேன். எலிசேயோ, "சார், நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் ஆமாம் என்றேன். அன்று சாயங்காலம் பல மாதங்களுக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன். அதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

பொலவானை அனுப்ப மறக்காதே. நீயும் முற்பகலிலேயே மற்றப் பெண்களோடு இறங்கிவிடு.

லொமினோக்


இலிகான், ஆஸ்பத்திரி
2016 ஜூன் 2

அன்புள்ள மாமாவுக்கு,

பொலவானின் ஸலாம். நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் சுகமா? எனக்குப் பெண் குழந்தை. அறுவைதான். புண் ஆறவில்லை, இன்னும் பத்து நாளாவது இருக்கச் சொல்கிறார்கள். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறாள்.

அம்மா போன செய்தி உங்களுக்கு இதற்குள் வந்திருக்கும். எப்படிப் போனாள் என்று யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை அம்மாவே எனக்குத் தலைவாரி என்னைத் தர்ஹதா பாட்டியோடு அனுப்பினாள். டாக்டர் கூப்பிட்டதாகச் சொன்னாள். நீயும் வாம்மா என்றேன். "மூத்த மனைவியோட அம்மா இல்லாம ஆம்பளைங்க பந்திக்கு இலை விழுமாடி? நான் நின்னாத்தான் அவங்க உக்காருவாங்க" என்றாள். முறை அதுதானே, மாமா. முதல் தட்டை அவள் கையால் வைக்க வேண்டும். கடைசி ஆள் கை கழுவும்வரை நிற்க வேண்டும். அவள் இல்லையென்றால் பந்தியே கலைந்திருக்கும். தன்னிடமிருந்த நல்ல பட்டு மலோங் உடையை எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அண்ணன் போன பிறகு பார்த்ததே இல்லை.

விமானம் இரண்டே கால் மணிக்கு வந்ததாம். உள்ளே இருந்த பத்தொன்பது பேரும் போனார்கள். கோசைன் போனான். உஸ்தாத் மட்டும் போகவில்லை. கணவாயில் யாரோ பார்க்க வந்ததால் தாமதமாகிவிட்டது. பாதி வழியில் புகையைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

பத்தொன்பது பேரையும் ஒரே வரிசையில் அடக்கியிருக்கிறார்கள். அம்மாவை முதலில். ஏரியைச் சுற்றி எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் வந்து அவள் பேரைச் சொல்லிப் பிரமாணம் செய்கிறார்கள். முந்நூறு பேர் என்று தர்ஹதா பாட்டி சொல்கிறாள். விருந்து பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணைக் கொன்றார்கள், எந்த ரிதோவிலும் நடக்காத அநியாயம் என்று அவர் பேசினாராம். ஒரு படைக்கே ரொகாயா என்று பேர் வைத்திருக்கிறார். சாதைன் வீட்டுப் பையன்களும் நம் பங்காளிகளும் அதில் தோளோடு தோள் நிற்கிறார்கள்.

எனக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். புண் ஆறியதும் பிள்ளையோடு மலைக்குப் போகிறேன். எனக்கு அவர்மேல் பிரியம் ஒன்றும் இல்லை, மாமா. ஆனால் அம்மாவுக்குப் பதில் சொல்ல அங்கேதான் துப்பாக்கி இருக்கிறது. இத்தனை நாள் நான் யார் சொன்னதற்கும் தலையாட்டியவள். இது மட்டும் என் சொந்தப் பகை.

யாரோ தகவல் சொல்லித்தான் விமானம் வந்திருக்கிறது. உங்களிடம் படித்தவர்கள் ராணுவத்தில் இருக்கிறார்கள். விசாரித்து எனக்கு ஒரே ஒரு பேர் சொல்லுங்கள். முதல் பதில் அவனுக்குத்தான்.

உங்கள் மருமகள்,
பொலவான்


கியாப்போ
2016 ஜூன் 6

என் கண்ணே பொலவானுக்கு,

ஸலாம். நீயும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இன்று முதல் நோன்பு. புண் ஆறும்வரை நீ நோன்பு பிடிக்காதே. மார்க்கமே விலக்குத் தந்திருக்கிறது.

இதைத் தொலைபேசியில் சொல்ல எனக்குத் துணிவில்லை. என் மகளை விமானத்தில் அனுப்புகிறேன். அவள் கையால் இது உன்னை வந்து சேரும்.

நீ கேட்ட பேர் லொமினோக். எலிசேயோவிடம் நாளையும் நேரத்தையும் வீட்டையும் சொன்னவன் நான்தான்.

அவற்றை எனக்கு எழுதியவள் உன் அம்மா. ஆனால் அதைச் சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. பெண்கள் முற்பகலிலேயே இறங்கிவிடுவார்கள் என்று எழுதினாள். தான் இறங்குவதாக எழுதவில்லை. நீயும் இறங்கிவிடு என்று ஒரு வரி எழுதிவிட்டு என் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டேன். நாற்பது வருடம் கந்தூரிகளில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், பொலவான். எல்லோரும் கை கழுவும்வரை பின்னால் நிற்பது யார் என்று ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் உன் அம்மா என்ன எழுதாமல் விட்டாள் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

அவள் கிழிக்கச் சொன்ன கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அவள் கையால் எழுதிய ஒரே சாட்சி அது, வழியில் தொலைந்துவிடக் கூடாதென்று இதோடு அனுப்பவில்லை. இங்கே என்னிடம் இருக்கிறது. அவள் கையெழுத்து உனக்குத் தெரியும்.

மலைக்குப் போகாதே. அங்கே நீ தேடுகிற ஆள் இல்லை. இங்கே வா. கியாப்போவில் பள்ளிவாசலுக்குப் பின் சந்தில் மூன்றாவது முத்துக் கடை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து துறைமுகம்வரை என் மகள் உன்னோடு இருப்பாள். கப்பல் சீட்டு மூன்று எடுத்திருக்கிறேன். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வா. அம்மாவின் கடிதத்தை உட்கார்ந்து நிதானமாகப் படி. படித்து முடித்த பிறகு யாருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நீயே முடிவு செய். நான் எங்கும் ஓட மாட்டேன்.

உன் மாமா,
லொமினோக்